ஏரியின் மட்டத்தோடு நீர்வரத்தையும் பாருங்கள்

சென்னையில் அடையாற்றின் கரையோரம் குடியிருப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், வினாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது, எத்தனை கனஅடி வெளியேற்றப்படுகிறது என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் 22 அடியைக் கடந்த நிலையில் வரத்து வெளியேற்றத்தைவிட மிகுந்திருந்தால், மதகுகள் மேலும் உயர்த்தப்படக்கூடும் என்று கருதி, வாகனத்தையும் தரைத்தளத்துப் பொருள்களையும் பகலிலேயே மேடான இடத்துக்கு மாற்றிவிடலாம்.

ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. நிரம்பும் தறுவாயில் மிச்சமிருக்கும் இடம் சொற்பம் என்பதால், அதன்பின் வரும் நீரை நீர்வளத்துறை ஏறக்குறைய அப்படியே ஆற்றில் விட வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று வெளியேற்றம் வினாடிக்கு 29,000 கனஅடி வரை சென்றது. அறிவிப்பு வெளியாகும் வரை காத்திருப்பதைவிட இந்தக் கணக்கு சில மணி நேரத்தை மிச்சப்படுத்தும், அதுவும் இரவில் அது பெரிய லாபம். ஆனால் வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டால் கணக்குப் பார்க்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்கு இது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது அவற்றுக்குக் கீழே, திருநீர்மலை அருகில். அவ்விரு பகுதிகளுக்கும் வெள்ளம் ஆதனூர் பக்கத்து ஏரிகளிலிருந்து வருகிறது. உள்ளூர் மழையாலேயே மூழ்கும் வேளச்சேரிக்கும் இந்த எண்கள் உதவா.