பள்ளிக்கும் பணிக்கும் இடையே: அறிவியல், தொழில்நுட்பப் பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு ஒரு மாணவரை அழைத்துச் செல்லும் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்றம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் முதல்வன், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது கல்லூரிக் கனவு, கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களுக்கு உயர்வுக்குப் படி, சேர்ந்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் மாணவர்கள் வழி தவறுவது, பெரும்பாலும் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான். பள்ளி தன் தேர்ச்சி விழுக்காட்டோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. கல்லூரி வேலைவாய்ப்பு முகாமோடும் நிறுவனம் ஆள் சேர்ப்போடும் முடித்துக்கொள்கின்றன. இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட இடம் யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இல்லாததால், அங்கே நடக்கும் தவறுகளும் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

முதல் தவறு பத்தாம் வகுப்பு முடிவு வெளியான வாரத்திலேயே நடந்துவிடுகிறது. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை என்பது மதிப்பெண் வரிசையில் மாணவர்களைப் பிரித்து அமர்த்தும் வேலையாகவே இருக்கிறது. அதிக மதிப்பெண் பெற்றவருக்குக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப், அடுத்தவருக்குக் கணினி அறிவியல், அதற்கும் அடுத்தவருக்குக் கணிதம் இல்லாத அறிவியல் குரூப், மிச்சம் உள்ளவர்களுக்கு வணிகவியலும் தொழிற்கல்வியும். எந்தக் குரூப் எந்தக் கதவை மூடுகிறது என்பதை அந்த வாரத்தில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. பொறியியல் கலந்தாய்வின் பொதுப்பிரிவில் 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100 மதிப்பெண். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆகவே கணிதத்தை விட்ட மாணவர், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பொறியியலில் சேர விரும்பினாலும் அந்தப் பட்டியலில் இடம்பெற இயலாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லாத பிள்ளையை, கௌரவத்துக்காக முதல் குரூப்பில் சேர்த்து நான்கு கனமான பாடங்களைச் சுமக்க வைக்கிறார்கள். கடைசியில் கணித மதிப்பெண்ணும் சரிகிறது. தொழிற்கல்விக் குரூப்பைத் தண்டனை போலக் கருதுவது இன்னொன்று. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் இருக்கிறது என்பதும், பாலிடெக்னிக் டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதும் சேர்க்கை நடக்கும் மேசையிலேயே சொல்லப்பட வேண்டிய செய்திகள்.

அடுத்தது பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிப்பது. பதினொன்றாம் வகுப்பில் பெயருக்கு வகுப்பு நடத்திவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் வழக்கத்தைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டு, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடத்தப்பட்டது. அந்தத் தேர்வு 2025–26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கில் அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது தலைமையாசிரியர்களின் மேல் விழுந்திருக்கிறது. அணிகள், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை பதினொன்றாம் வகுப்புக் கணித நூலில்தான் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் முதல் பருவத்துக் கணிதத் தாள் அணிகளிலும் நுண்கணிதத்திலும்தான் தொடங்குகிறது. பிளஸ் ஒன் நூலைச் சரிவரத் திறக்காத மாணவர் முதல் அரியரை அங்கேயே வாங்குகிறார். கல்லூரி பள்ளியைக் குறை சொல்லும், பள்ளிக்கோ அந்த அரியர் பற்றிய தகவலே போய்ச் சேராது. கல்லூரிகள் தமது முதல் பருவ முடிவுகளை மாணவர்கள் வந்த பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பி வைத்தால் எவ்வளவோ மாறும்; இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று எண்ணுவது, பெற்றோரிடம் மட்டுமல்லாமல் ஆசிரியர்களிடமும் ஊறிப்போன தவறு. உண்மையில் நம்மிடம் உள்ள வழிகளில் நன்றாக இணைக்கப்பட்டது அதுதான். பத்தாம் வகுப்பு முடித்து ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் போன்ற இரண்டாண்டுப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர் பொருத்தமான டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மற்றவர்களைவிட ஓராண்டு கூடுதலாகும் என்றாலும், பட்டம் பெறும்போது அவர் கையில் ஒரு தொழிலும் இருக்கும். இந்த ஏணியில் கவனிக்க வேண்டியது படிகளின் வரிசை. நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கான விதி, பத்தாம் வகுப்பும் அதன் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ.யும் அந்த வரிசையிலேயே முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. வெல்டர் பிரிவு ஓராண்டுதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். வெல்டிங் நல்ல தொழில், நல்ல வருமானமும் உண்டு. ஆனால் மேலே டிப்ளமோ படிக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர், ஓராண்டில் முடிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் அந்தக் கதவு திறக்காது. 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் சுமார் ரூ.2,877 கோடியில் நவீன எந்திரங்களோடு தொழில் 4.0 (கணினி வழி இயங்கும் தானியங்கி உற்பத்தி) மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்ட பிறகும், அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்களை ஒரு நாள் அங்கே அழைத்துச் சென்று காட்டாத ஊர்கள் இருப்பது வருத்தத்துக்குரியது.

சலுகை விதிகளைப் படிக்காமல் பள்ளி மாற்றுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொறியியல், வேளாண்மை, மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் தகுதி பெறுவார். இந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு, கலந்தாய்வு நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டு தவிக்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இருக்கின்றன.

கல்லூரிகளின் பக்கம் வந்தால், புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைத் தொழில்துறையோடு உள்ள உறவாக எண்ணிக்கொள்வதே பெருந்தவறு. கையெழுத்துப் போட்ட படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியபின் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவரும் வகுப்பறைக்கு வருவதில்லை, மாணவர்கள் ஐ.வி. (தொழிற்சாலைப் பார்வை) என்ற பெயரில் ஒரு பேருந்தில் போய், கண்ணாடிக்கு அப்பால் இருந்து எந்திரங்களைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு சுற்றுலாத் தலத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2022 மார்ச் 1-இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தில், கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே மதிப்புப் புள்ளிகளோடு (கிரெடிட்) திறன் பயிற்சிகள் சேர்க்கப்பட்டது நல்ல மாற்றம். ஆனால் நண்பன் எடுத்த பயிற்சியையே தானும் எடுப்பது, இணையவழி வகுப்பைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது என்று போனால் கிடைப்பது புள்ளி மட்டும்தான். பயிற்சிப் பட்டியல் வரும்போது, அந்த மாவட்டத்தில் அந்தத் திறனுக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எவை என்று ஒரு பேராசிரியராவது மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

பாடத்துக்கும் பட்டறைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது, அதைக் கடக்காமல் விடுவது எவ்வளவு வீண் என்பதற்கு ஒரே ஒரு கருவியைப் பார்த்தால் போதும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் அளவீடு பாடத்திலேயே திருகு அளவி வந்துவிடுகிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் மறுபடியும் வருகிறது. அதன் மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர் சொல்வார். அதே கருவி கோவையில் பம்புத் தண்டு கடையும் பட்டறையில் மைக்ரோமீட்டர் என்ற பெயரில் லேத்தின் பக்கத்தில் கிடக்கிறது. வரைபடத்தில் 25 மி.மீ. விட்டம் என்றும், அதன் அருகே கூட்டல் 0, கழித்தல் 0.02 என்றும் குறித்திருந்தால், 24.98 முதல் 25.00 வரை அளவுள்ள தண்டு தேறும். 25.01 வந்தால் மறுபடி எந்திரத்தில் ஏற்றி ஒரு சீவு சீவலாம், 24.97 வந்தால் அந்தத் துண்டு கழிவுக் கூடைக்குத்தான் போகும். அளவு கூடுவதும் குறைவதும் ஒரே பிழையல்ல, ஒன்று திருத்தக்கூடியது, மற்றொன்று பணத்தை விழுங்குவது என்கிற இந்த அறிவு பள்ளி ஆய்வகத்தில் கிடைப்பதில்லை. அங்கே சில அளவீடுகளை எடுத்துச் சராசரி கண்டு குறிப்பேட்டை மூடிவிடுகிறோம். பக்கத்துப் பட்டறையில் கழித்துப் போட்ட பத்துத் தண்டுகளையும் அவற்றின் வரைபடத்தையும் கேட்டு வாங்கி வந்து, எது எதனால் கழிக்கப்பட்டது என்று மாணவர்களையே அளந்து சொல்ல வைத்தால், ஒரு நாள் ஐ.வி.யைவிட அது பயன் தரும். இதற்குப் புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. இயற்பியல் ஆசிரியரும் பட்டறை மேற்பார்வையாளரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் போதும்.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியில் நடக்கும் தவறுகள் இரு தரப்பிலும் உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். இதைப் பயிற்சியாகப் பாராமல் குறைந்த செலவில் கிடைக்கும் ஆள்களாகப் பார்க்கும் நிறுவனம், பயிற்சி பெறுபவரை ஆண்டு முழுவதும் ஒரே வேலையில் நிறுத்திவிடுகிறது. பிறகு திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று அதே நிறுவனம் தொழில் கூட்டங்களில் குறைப்பட்டுக்கொள்ளும். மாணவர் தரப்பில் நடப்பது, டிரெய்னி என்று யார் கூப்பிட்டாலும் அதை அப்ரண்டிஸ் பயிற்சியாக எண்ணிச் சேர்வது. முறைப்படி பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இருந்தால்தான் அது சட்டப்படியான பயிற்சி. உதவித்தொகையும் முடிவில் சான்றிதழும் அதைச் சார்ந்தவை. டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கு இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். சந்தேகம் இருந்தால் சேருவதற்கு முன்பே அங்கே கேட்டுவிடலாம். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனத்தில் வேலை கிடைத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் பெற்றோருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

மாநில அளவில் திட்டமிடுவோருக்கு வேறொரு ஆசை வரும். பெரிய ஆலை ஒன்று வந்ததும், சுற்றியுள்ள கல்லூரிகளின் பயிற்சிகளையெல்லாம் அதன் தேவைக்கேற்ப வளைத்துவிடும் ஆசை அது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஓர் ஆலையின் ஒரு உற்பத்தி வரிசையில் ஒரு வேலைக்கு மட்டும் பழகியவர்களுக்கு அந்த நாள்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டதையொட்டி மின்வாகனப் பயிற்சி கேட்போர் பெருகினால், மோட்டார், பேட்டரி மேலாண்மை, மின்பாதுகாப்பு ஆகிய அடிப்படைகளைக் கற்றுத்தரும் பயிற்சியையே தேட வேண்டும். அவை வாகன ஆலைகள் உள்ள ஓசூரிலும் ஒரகடத்திலும் அதேபோல் செல்லும். ஒரு நிறுவனத்தின் எந்திரத்தை இயக்க மட்டும் கற்றுத்தரும் சான்றிதழ் அந்த வாசலைத் தாண்டினால் செல்லாது.

பெண்களின் விஷயத்தில் பள்ளி, கல்லூரி, நிறுவனம் என்ற தொடர் வேறு இடத்தில் அறுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பகுதியின் மின்னணு ஆலைகள் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வீட்டை விட்டு வந்து பாதுகாப்பாகத் தங்கிச் சம்பாதிப்பது பெரிய விஷயம்தான். ஆனால் டிப்ளமோ முடித்த பெண்ணும் பிளஸ் டூ முடித்த பெண்ணும் ஒரே வரிசையில் ஒரே பாகத்தைப் பொருத்திக்கொண்டு சில ஆண்டுகளைக் கழித்தால், அதை அறிவியல், தொழில்நுட்பப் பணிப்பாதை என்று புள்ளிவிவரத்தில் எழுதிக்கொள்வது சரியல்ல. டிப்ளமோ உள்ளவர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. படிக்க மாலைநேர வகுப்புகள் இருக்கின்றன. பணியில் இருப்போருக்கென நெகிழ்வான நேரத்தில் படிப்புகளை நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏ.ஐ.சி.டி.இ.) 2023 முதல் கல்லூரிகளுக்கு வழி செய்திருக்கிறது. தடையாக நிற்பது சுழலும் ஷிப்ட். ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்து இரவு என்று மாறினால் எந்த மாலை வகுப்புக்கும் தொடர்ந்து போக முடியாது. வளாகத் தேர்வுக்கு நிறுவனம் வரும்போது சம்பளத்தையும் விடுதியையும் மட்டும் கேட்டுவிட்டு அனுப்பும் வேலைவாய்ப்பு அலுவலர், மேற்படிப்பில் சேருபவருக்கு நிலையான ஷிப்ட் தருவார்களா, பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு போன்ற பிரிவுகளுக்கு மாற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி மாணவிகளின் பார்வைக்கு வைக்க வேண்டும்.