கரண்ட் வந்தும் பில் வரவில்லையா?

கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கரண்ட் போய் வந்ததும் அது ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். உடனே டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போட உட்காராதீர்கள். பழுது பெரும்பாலும் அங்கே இருக்காது.

பிரிண்டர் நேராக ரௌட்டரோடு இணைந்திருந்தால், முதல் சந்தேகம் ஐபி எண்மீதுதான்; நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் தரும் முகவரி அது. பல ரௌட்டர்கள் அணைந்து எழுந்ததும் பழைய கணக்கை மறந்துவிடும். நேற்று 192.168.1.20 ஆக இருந்த பிரிண்டர் இன்று 25 ஆகியிருக்கும். கம்ப்யூட்டரோ இன்னும் 20-இன் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் இப்போதைய எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் எண்ணே தரவில்லை என்று பொருள். கேபிளையும் ரௌட்டரையும் கவனியுங்கள். எண் சரியாக இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து பிங் செய்யுங்கள்; அதாவது, கமாண்ட் பிராம்ப்ட்டில் ping என்று அடித்து அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ பகுதிக்குப் போய் அந்த எண்ணுக்குப் புதிய டிசிபி/ஐபி போர்ட் சேருங்கள். இதோடு விட்டால் அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி இதே வேலைதான். ரௌட்டரின் டிஎச்சிபி (ஐபி எண்களைப் பங்கிடும்) பக்கத்தில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்ணுக்கு) எப்போதும் ஒரே ஐபி எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

பிங் ஓடியும் ஆஃப்லைன் என்றே காட்டுகிறதா? போர்ட் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ (பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் வசதி) டிக்கை எடுத்துப் பாருங்கள்.

யூஎஸ்பியில் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து ஷேர் செய்திருந்தால் கதை வேறு. அந்தக் கம்ப்யூட்டர் தூங்கினால் எல்லோருக்கும் பிரிண்ட் நின்றுவிடும்; ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக மாற்றுங்கள். 11பி என்று முடியும் பிழை எண் வந்தால், 2021 செப்டம்பர் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து வந்த பாதுகாப்புக் கெடுபிடி அது. இரண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடத்தில்) கைவைத்து அதை அணைக்கும் வழியும் உண்டு. பூட்டைக் கழற்றிவிட்டுக் கடையைத் திறந்துபோட்ட மாதிரி அது. பிரிண்டரில் லேன் போர்ட் இருந்தால் ரௌட்டரில் செருகுவதே மேல்.

சிக்கிய பிரிண்ட் நகராவிட்டால், சர்வீசஸில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ஐ (பிரிண்ட்களை வரிசையில் வைக்கும் சேவையை) நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை மட்டும் அழித்து, மீண்டும் ஓடவிடுங்கள்.

ஏற்காட்டு விடுதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: இடி மின்னலுக்குப் பிறகு லேன் போர்ட்டின் விளக்கு எரியவில்லையென்றால் கேபிளை மாற்றுங்கள், ரௌட்டரில் வேறு துளையில் செருகுங்கள். அப்போதும் இருட்டென்றால் போர்ட் போயிருக்கலாம். யூஎஸ்பியில் பிரிண்டர் நன்றாகவே ஓடக்கூடும். புதிதாக வாங்குமுன் அதைச் சோதித்துவிடுங்கள்.