ஆய்வுக்குக் கை கொடுப்பவர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? மலை ஊர்களுக்குச் சில யோசனைகள்

ஆய்வு மையங்களில் ஆய்வாளர்களுக்குத் துணையாக வேலை பார்ப்பவர்களிடம் கருத்துக் கேட்பதென்றால், முதலில் யாரிடம் கேட்பது என்று பட்டியல் போடுங்கள். பதவிப் பெயரை வைத்துப் போடாதீர்கள், செய்கிற வேலையை வைத்துப் போடுங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலான சூரியப் படங்கள் இருக்கின்றன என்றால், வானம் வெளுத்த காலையெல்லாம் யாரோ ஒருவர் கருவியைத் திறந்து, படம் எடுத்து, தேதி குறித்து வைத்ததால்தான். முதுமலையில் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் காட்டு அளவெடுப்பிலும் அப்படித்தான், மரம் மரமாக டேப் பிடிக்க ஆள் வேண்டும். இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பேரைச் சொல்லிவிடுகிற ஒருவருக்கு நம் படிவத்தில் 'பிற' என்ற கட்டம்தான் மிச்சம் என்றால், அவர் அதற்கு மேல் ஏன் படிக்கப் போகிறார்? நூலகர், லேப் அசிஸ்டென்ட், களப்பணியாளர், ஸ்டோர்ஸ், புரொஜெக்ட் கணக்கு பார்ப்பவர் என்று எல்லாருக்கும் தனித்தனியே இடம் வையுங்கள்.

சரி, இப்போது மிக முக்கியமான விஷயம். மலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

முதல் தடவை நீலகிரியில் சில மையங்களுக்கு நான் கேள்வி அனுப்பியபோது, மேலேயே மூன்று விவரம் கேட்டிருந்தேன்: எந்த மையம், என்ன பதவி, எத்தனை வருஷ சர்வீஸ். கீழே 'பெயர் தேவையில்லை' என்று போட்டிருந்தேன். பதில் வரவில்லை. அப்புறம் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது, நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காதான் சொன்னார்: "தம்பி, எங்க மையத்துல லைப்ரரிக்கு நான் ஒரே ஆளு. இந்த மூணையும் நிரப்பிட்டா பேரு எதுக்கு?" அவர் சொன்னது முழுக்க நியாயம். அன்றிலிருந்து அந்த மூன்றில் ஒன்றைத்தான் கேட்கிறேன், அதையும் '10 வருஷத்துக்குக் கீழ், மேல்' என்று அகலமாக. ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கிற எந்தப் பிரிவையும் அறிக்கையில் தனியாகக் காட்டுவதில்லை.

கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்திவிடுங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதையும் நிறுத்துங்கள், ஏனென்றால் அதற்கு லாகின் கேட்கும், லாகின் பக்கத்தைப் பார்த்ததுமே பயந்து திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. இணைப்பை மையத்தின் தலைவர் வழியாக அனுப்பவே கூடாது, மேலதிகாரியின் வாட்ஸ்அப்பிலிருந்து வருகிற கேள்விக்கு உண்மை பதிலாக வராது. காகிதத்தில் கேட்டால் கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் டிக் அடிக்கிற கேள்விகளாக வைத்து, மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

கேள்விகள் பத்துக்கு மேல் வேண்டாம். 'ஆய்வாளர்கள் உங்களை மதித்து, போதிய அவகாசம் தருகிறார்களா?' என்று கேட்காதீர்கள், அது இரண்டு கேள்வி; மதிப்பு இருக்கும், அவகாசம் இருக்காது. 'கடந்த ஒரு மாதத்தில் ஆய்வாளர் கேட்ட எந்த வேலைக்கு அதிக நேரம் போனது?' என்று கேளுங்கள், வேலையே பேசும். இன்னொன்று, விடைகளில் 'பரவாயில்லை' என்று வைக்காதீர்கள். ஒருவருக்கு அது 'நன்றாகவே இருக்கிறது', இன்னொருவருக்கு 'சகித்துக்கொள்கிறேன்'. எப்போதும், பெரும்பாலும், எப்போதாவது, இல்லவே இல்லை என்று வைத்தால் குழப்பம் இல்லை. அனுப்புவதற்கு முன்னால் மூன்று பேரோடு உட்கார்ந்து, கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தயங்குகிறார்களோ அந்த வரியை மாற்றுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். மார்ச்சில் கணக்குப் பிரிவைத் தொடவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழையில் கரன்ட்டும் சிக்னலும் நம்பிக்கையில்லை, பழனி மலைப் பக்கம் அக்டோபர், நவம்பர் அப்படி. ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள், போதும்.

பதில்கள் வந்ததும் சதவீதம் போடத் தோன்றும். 23 பேரில் 9 பேர் சொன்னதை '39.13 சதவீதம்' என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை, '23 பேரில் 9 பேர்' என்றே எழுதுங்கள். அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதியதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 'அந்த மைக்ரோஸ்கோப் பழுதானப்ப நான்தான் மெட்ராஸ் கொண்டு போனேன்' என்று ஒரு வரி இருந்தால் எழுதியவர் யாரென்று மையம் முழுக்கத் தெரிந்துவிடும், சாரத்தை மட்டும் உங்கள் நடையில் எழுதுங்கள்.

கடைசியில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் சுருக்கம் எழுதி, நிர்வாகத்துக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே கேள்வி அனுப்பிய எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். தன்னைக் காட்டிக் கொடுக்கும் வரி ஏதாவது இருந்தால் எடுக்கச் சொல்ல அவர்களுக்கு அந்த இரண்டு நாள் வேண்டும்.