முளைகட்டிய ராகி மாவு: வீட்டிலேயே தயாரிக்கும் முறை

சேலத்தில் ராகி என்றதும் களியும் கூழும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆடி மாதம் பிறந்துவிட்டால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் சாமையோடு ராகியும் இன்றளவும் விளைகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்துசேர்ந்த தானியம் இது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம், 4.6 மில்லிகிராம் இரும்பு, 11 கிராம் நார்ச்சத்து, 7 கிராம் புரதம் உள்ளன. தீட்டிய அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம்கூடக் கிடையாது. ராகியின் தோல் மணியோடு இறுக ஒட்டியிருப்பதால் அதை அரிசியைப் போலத் தீட்ட முடியாது. தோலோடு சேர்த்தே அரைக்கிறோம், அதனால்தான் சத்து தங்குகிறது. ஆனால் அதே தோலில் உள்ள பைட்டிக் அமிலமும் டானினும் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொண்டு, குடல் அவற்றை முழுமையாக உறிஞ்ச விடுவதில்லை. முளைகட்டும்போது தானியத்தில் உறங்கிக் கிடந்த நொதிகள் விழித்துக்கொண்டு பைட்டிக் அமிலத்தைச் சிதைக்கின்றன. ராகியில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பதே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இரண்டு நாள் கூடுதலாக ஆனாலும் முளைகட்டியே அரையுங்கள்.

முதல் நாள் காலை

லீ பஜாரிலோ மளிகைக் கடையிலோ ஒரு கிலோ முழு ராகி வாங்குங்கள். பழைய சரக்கு சரியாக முளைக்காது என்பதால், இந்தப் பருவத்தில் வந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. முறத்தில் புடைத்துத் தூசியை நீக்கிய பின், அகன்ற பாத்திரத்தில் நீர் ஊற்றி, மிதக்கும் சொத்தை மணிகளை வடித்துவிட்டு, அரிசி அரிப்பதைப் போல அரித்துக் கல்லைப் பிரிக்க வேண்டும். ராகியில் வரும் கல் மணியின் அளவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். நீர் தெளியும்வரை நான்கைந்து முறை கழுவி, 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள்.

முதல் நாள் இரவு

நீரை முழுவதும் வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். துணி காயத் தொடங்கினால் நீர் தெளிக்கலாம். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. சேலத்து வெயிலில் ஒரே நாளில் முளை வந்துவிடும். ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் இரண்டு நாள்கூட ஆகலாம். செம்பழுப்பு மணியின் ஒரு முனையில் வெள்ளை நூல் போல முளை எட்டிப் பார்த்து, மணியின் நீளத்தைத் தொடும்போது போதும். மூட்டையை அவிழ்க்கையில் ஈரமண்ணின் மணம் வர வேண்டும்; பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

உலர்த்துதல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நான் முதன்முறை செய்தபோது, மேலே கை வைத்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பி அரைத்துவிட்டேன். பத்தே நாளில் மாவில் பூஞ்சை பிடித்து, முழுவதையும் எறிய வேண்டியதாயிற்று. வெள்ளை வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். ஒரு மணியைக் கடித்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. பிறகு உள்ளங்கையால் தேய்த்துப் புடைத்தால் முளைகள் உதிர்ந்துவிடும்.

அடிகனமான வாணலியில் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, மாவு மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு நம்முடையதைப் போட வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சூடான மாவைப் பரப்பி ஆற்றிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும்.

கஞ்சி காய்ச்ச

இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கால் டம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு டம்ளர் நீரில் ஊற்றி, சிறு தீயில் எட்டு நிமிடம் கைவிடாமல் கிண்டுங்கள். பெரியவர்கள் உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல், வடிகட்டி, ஓரிரு கரண்டியில் தொடங்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும். ராகியில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான், கஞ்சியாகும்போது அது விரைவில் செரித்தும்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள், இதில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற பொருளும் இருப்பதால், மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

களிக்கு மட்டும் இந்த மாவை எடுக்காதீர்கள். முளைத்தபோது உண்டான நொதிகள் மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், எவ்வளவு கிண்டினாலும் உருண்டை திரளாமல் தளர்ந்துவிடும். களிக்கு முளைகட்டாத மாவையே வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரைக் குழம்போடு உண்ணுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம்.