மாசாய் மாரா போகிறவர்கள் மாட்டைப் பற்றிக் கேளுங்கள்

கென்யா போவது என்று முடிவானதும் முதல் வேலையாக மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அங்கே தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க நம் நாட்டில் விதி இருக்கிறது. அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த ஊசியைப் போடக் கூடாது. மலேரியா மாத்திரைக்கும் அவரிடமே சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இ.டி.ஏ. என்ற பயண அனுமதி வந்திருக்கிறது. அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் தேவையில்லை.

நான் காங்கேயம், தாராபுரம் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் மனைவியும் இரண்டு முறை கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய் வந்தோம். முதல் தடவை நிறையத் தப்பு செய்தோம். இரண்டாம் தடவை கிடைத்தது வேறு அனுபவம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எப்போது போவது? வைல்டபீஸ்ட் என்ற, மாட்டுச் சாயலில் இருக்கும் மான் வகை, லட்சக்கணக்கில் கூட்டமாகத் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி மாராவுக்கு வருவது பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. மாரா ஆற்றை அவை கடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போதுதான் போக வேண்டும். ஆனால் காப்பகத்துக்கு வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100. அந்த ஒரு நாள் என்பதும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைதான். இரண்டு பேர் நான்கு நாள் இருந்தால் 1600 டாலருக்கும் 800 டாலருக்கும் உள்ள வித்தியாசம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. மழை குறைவான பிப்ரவரியில் போய் நிறையப் பார்த்தோம். கூட்டமும் இல்லை.

முதல் தடவை ஆகஸ்டில், இரண்டு இரவு பேக்கேஜில், ஏழு பேர் ஏறிய வேனில் போனோம். டிரைவர் வாக்கி-டாக்கியில் யாரோ சொல்வதைக் கேட்டு வண்டியை விரட்டுவார். போய்ச் சேர்ந்தால் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வண்டி. பூனை இனங்களைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பின்னால்தான் அது தெரிந்தது. தெரிந்திருந்தால் அப்போதே திரும்பிப் போகச் சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லுங்கள். டிரைவர் கேட்பார், அவரும் நம் வாய் வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்.

(இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் லெப்பர்ட், சீட்டா இரண்டையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறார்கள். மரக்கிளையில் கால் தொங்கப் படுத்திருப்பது சிறுத்தை. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கி, புற்றுமேட்டில் ஏறி நின்று பார்ப்பது சிவிங்கிப்புலி. அங்கே முன்னதை ச்சூயி என்பார்கள், பின்னதை டூமா. வரிக்குதிரைக்கு சுவாஹிலியில் புண்டா மிலியா. வரிக்கழுதை என்று அர்த்தம்.)

அதனால் என் யோசனை, காப்பகத்தை ஒட்டியிருக்கும் கன்சர்வன்சிகளில் ஒன்றில் தங்குங்கள். மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி என்று பல இருக்கின்றன. அவை மாடு மேய்த்து வாழும் மாசாய் இனக் குடும்பங்களின் சொந்த நிலம். முகாம் நடத்துகிறவர்கள் குத்தகைப் பணம் கொடுக்க, நிலத்துக்காரர்களுக்கு மாதாமாதம் வருமானம் போகிறது. வண்டிகள் குறைவு. இரவிலும் வண்டியில் விலங்கு பார்க்கப் போகலாம், வழிகாட்டியோடு நடந்தும் போகலாம். காப்பகத்துக்குள் இரண்டுமே கிடையாது. வாடகை கூடத்தான். நாட்களைக் குறைத்துக்கொண்டாலும் இங்கேயே தங்குங்கள்.

நைரோபியிலிருந்து நரோக் வழியாக ரோட்டில் ஐந்தாறு மணி நேரம். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்திலும் போகலாம். ஆனால் ஆளுக்கு 15 கிலோதான் விடுவார்கள், அதுவும் சக்கரம் வைத்த பெட்டி இல்லாமல் துணிப்பையில். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். மாரா ஊட்டி அளவு உயரம் இல்லை, ஆனாலும் விடிகாலையில் திறந்த வண்டியில் கை விறைக்கும். கருநீலம், கறுப்புத் துணி வேண்டாம், செட்சீ ஈ அதைத் தேடி வரும். பிளாஸ்டிக் கவர் எதிலும் எதையும் கட்டாதீர்கள், 2017-லிருந்து கென்யாவில் தடை. காப்பகங்களுக்குள் தூக்கிப் போடும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். சைவக்காரர்களுக்குச் சிரமம் இல்லை. சப்பாத்தி அங்கே எல்லாருடைய சாப்பாடு, டீயும் பால் விட்டுக் கொதிக்க வைத்ததுதான்.

வண்டியில் ஒரு இடத்தில் நின்று பழகுங்கள். ஆகஸ்டில் ஆற்றங்கரையில் நான்கு மணி நேரம் நின்றோம். கூட்டம் விளிம்பு வரை வரும், முன்னால் நிற்பது தண்ணீரை மோந்து பார்க்கும், பின்வாங்கும். மறுபடி வரும். எங்கள் வேனில் இருந்தவர்கள் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு வைல்டபீஸ்ட் குதித்தது. அடுத்த நொடி கரை முழுக்கப் புழுதி. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவை போட்ட கனைப்பு, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பட்டி மாடுகளின் சத்தம் போலவே எனக்குக் கேட்டது. அக்கரையில் ஒரு கன்று தாயைத் தேடி மறுபடி ஆற்றில் இறங்கியது. என் மனைவி அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சரி, மாசாய் ஊருக்குப் போவது. முதல் தடவை காப்பகத்தின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கு 20 டாலர். குதிக்கும் ஆட்டம், குச்சியைக் கடைந்து தீ மூட்டுவது, பாசிமணிக் கடை. முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். நாங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி இடையிலேயே நின்றுவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்றும் மனசு ஆறவில்லை. நீங்கள் போகும்போது பணத்தை ஊர்ப் பெரியவர் கையில் நேராகக் கொடுங்கள். முகாமில் வேலை செய்யும் மாசாய் ஒருவரோடு அவர் சொந்த ஊருக்கே போக முடிந்தால் அதுதான் சிறப்பு. மணிமாலையைக் கோத்த பெண்ணிடமே வாங்குங்கள். கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள்.

இரண்டாம் தடவை அப்படித்தான் போனோம். மாடு வீடு திரும்பும் மாலை நேரத்தில் போங்கள், பகலில் போனால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஊரைச் சுற்றி முள்வேலி, அதற்குள் வட்டமாக வீடுகள். குச்சி நட்டு, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி வீட்டைக் கட்டுகிறவர்கள் பெண்கள். "சோபா" என்று சொன்னால் "ஈபா" என்று பதில் வரும். சின்னப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் வந்து நிற்பார்கள். உங்கள் உள்ளங்கையை அந்தத் தலையில் வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு அவர்கள் வணக்கம் சொல்லும் முறை அது.

அந்த வீட்டு அம்மா சுரைக்குடுக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார். காட்டு ஒலிவக் கட்டையின் தணலை உள்ளே விட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்வார்களாம். மூடியைத் திறந்ததும் புகை வாசனை. உள்ளே பாலில் கரித்தூள் சிறு புள்ளிகளாக மிதந்தது. குடித்தோம். வயிறு தாங்காது என்று நினைத்தால் குடிக்க வேண்டியதில்லை, இரண்டு கையாலும் வாங்கி மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள்.

மாட்டைப் பற்றிக் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். மாட்டைக் கேட்டால் உட்காரச் சொல்வார்கள். உலகத்து மாடுகளையெல்லாம் எங்கை என்ற கடவுள் தங்களுக்குத்தான் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. மழைக்கும் எங்கை என்றுதான் பெயர். 1904-லும் 1911-லும் ஆங்கிலேயர்கள் ஒப்பந்தம் போட்டு நல்ல மேய்ச்சல் நிலத்திலிருந்து இவர்களை அப்புறப்படுத்தினார்கள். நிலத்தைப் பற்றி அந்தப் பெரியவர் பேசும்போது குரல் மாறியதற்குக் காரணம் அதுதான்.

பட்டிக்குள் வந்த மாடுகளில் சில செந்நிறமாக, அலைதாடி தொங்கி, நம் பக்கத்துச் சாயலில் இருந்தன. சாஹிவால் என்ற பால் மாட்டு இனத்தின் கலப்பு. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தான் பக்கமிருந்தும் கொண்டுபோன சாஹிவாலை நைவாஷாவில் அரசுப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். மாசாய்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். இதை நான் சொன்னதும் பெரியவர் எழுந்து என்னைப் பட்டிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் தம்பி வீட்டு மயிலைக் காளையின் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். உங்கள் வீட்டில் மாடு இருந்தால் நீங்களும் எடுத்துப் போங்கள். பெரியவர் படத்தைக் கண்ணருகே வைத்துக் கொம்பைப் பார்த்தார், திமிலைப் பார்த்தார். அப்புறம் வழிகாட்டியிடம் ஏதோ கேட்டார்.

"இது என்ன புல் தின்னும் என்று கேட்கிறார்."

எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டையும் கிளுவை வேலியையும் கொழுக்கட்டைப் புல்லையும் பற்றிச் சொன்னேன். உங்கள் பக்கம் மழை எப்போது என்று அடுத்த கேள்வி வந்தது. இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.