அடுத்தவர் மார்க்கைப் பார்க்காமல் குரூப் 4 படிப்பது எப்படி

ஞாயிறு மதியம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைக்கான மாதிரித் தேர்வு முடிந்ததும் டெலிகிராம் குரூப்பில் ஆரம்பித்துவிடும். ஒருவர் 172 சரி என்று போடுவார், அடுத்தவர் 178, கூடவே ‘அவசரத்துல ஏழு போச்சு, இல்லேன்னா 185’ என்று ஒரு வரி. 141 எடுத்தவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷம் இப்படி ஓட்டியவன் சொல்கிறேன்.

முதலில் அந்த குரூப்பை மியூட் செய்யுங்கள். வெளியேற வேண்டாம், பிடிஎஃப் தேவைப்படும்.

அப்புறம் அந்த 178 எப்படி வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதினாரா, நடுவில் டீ குடித்துவிட்டு வந்து முடித்தாரா, ஏற்கெனவே பார்த்த வினாத்தாளா, எத்தனையாவது வருஷமாகப் படிக்கிறார், எதுவுமே நமக்குத் தெரியாது. தேர்விலும் சமூகப் பிரிவு வாரியான இனச்சுழற்சி, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு என்று இடங்கள் பல கணக்கில் பிரிவதால், அவருக்கும் உங்களுக்கும் நேரடிப் போட்டியே இல்லாமல் போகலாம்.

சரி, இப்போது ஒரு நோட்டு வாங்குங்கள். மொத்தம் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. ஒவ்வொரு தேர்விலும் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மற்றதில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை, அதனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும்.

எழுதும்போதே, நிச்சயமாகத் தெரிந்து போட்ட விடைக்கு ஒரு டிக், குத்துமதிப்பாகப் போட்டதற்கு ஒரு புள்ளி வையுங்கள். திருத்தும்போது இரண்டையும் தனியாக எண்ண வேண்டும். நான் முதல் தடவை எண்ணியபோது டிக் 140, அதில் சரி 118. அதாவது தெரியும் என்று சத்தியம் செய்திருக்கக்கூடிய 22 விடை தப்பு! உட்கார்ந்து பார்த்தால் அதில் பாதி, ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது எது’ என்று படித்ததுதான். அதற்குப் பிறகு கேள்வியின் கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு போடாமல் விடையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து டிக் 138, சரி 131. மொத்தம் என்னவோ 148தான், குரூப்பில் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தால் அது அநேகமாகத் தெரியும் என்ற தைரியம் அன்றைக்குத்தான் வந்தது.

நோட்டை யாருக்கும் காட்டாதீர்கள். காட்டினால் அழகாக எழுதத் தோன்றும், அப்புறம் புள்ளியெல்லாம் டிக் ஆகிவிடும்.

நூலகத்தில் படிப்பவரா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகப் பிரிவில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் எத்தனையாவது பாடம் என்று கண் தானாகப் போகும். முதுகைக் காட்டி உட்காருங்கள், அவ்வளவுதான்.

கஷ்டமானது கல்யாண வீட்டுப் பந்திதான். “உன் பெரியப்பா பையன் பாஸ் பண்ணிட்டானாமே, நீ எப்போடா?” என்று அத்தை கேட்பார். “ஆமா அத்தை, நல்லாப் படிப்பான்” என்று மனசாரச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த கேள்விக்கு வருவதற்குள் பாயசம் கேளுங்கள்.