டல்லாஸ் சம்பளம், உசிலம்பட்டிப் பள்ளி

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதுகிறேன். டல்லாஸில் இருக்கும் அக்கா மகன், "மாமா, ஆபீஸ்ல டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் இருக்கு, அதுல இருந்து அனுப்பவா?" என்றான். நன்கொடைக்கென்றே முன்கூட்டிப் பணம் போட்டுவைக்கும் கணக்கு அது. அவனுக்குச் சொன்னது இது.

அந்த நிதியில் போட்ட பணம் திரும்ப வராது, மாப்பிள்ளை. யாருக்குக் கொடுப்பது என்பதை நிதானமாகச் சொல்லலாம். ஆனால் அது பரிந்துரைதான், முடிவு நிதியை நடத்தும் அமைப்புக்கு. அப்புறம் ஹெச்.ஆரிடம் கேள்: உன் பங்குக்கு இணையாக கம்பெனியும் போடுமா? இந்த வழியில் போனால் இணைத்தொகை தராத கம்பெனிகளும் உண்டு.

இந்தியாவுக்கு அனுப்புவதில்தான் சிக்கல். வாங்கும் அமைப்புக்கு, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்கும். எங்கள் பள்ளிக்கு அந்தப் பதிவு இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அமெரிக்காவிலேயே பதிவான தொண்டு அமைப்பு இருக்கிறது; நிதியை அங்கே திருப்பு, வேலை சுலபம்.

பள்ளிக்குத்தான் என்றால், நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரன்தானே? சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக நேரே அனுப்பு. அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்க வரிச்சலுகை மட்டும் கிடைக்காது. சரி, பாஸ்போர்ட் நகலையும் அனுப்பிவிடு, ஆடிட்டர் கேட்பார்.